பட்டப்பகலில் ஹெட்லைட் எதற்கு?

சூரியன் உச்சியில் நிற்கும்போதும் புதிய பைக்குகளின் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கிறதே, அதை அணைக்க ஒரு சுவிட்ச்கூட இல்லையே, இது பெட்ரோலை வீணாக்குவதாகாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஹாலஜன் விளக்கு எடுத்துக்கொள்வது சுமார் 35 வாட். ஓடும் எஞ்சின் தருவதோ சில ஆயிரம் வாட். எல்இடி விளக்கானால் செலவு இன்னும் குறையும். பெட்ரோல் செலவாகிறது என்பது உண்மை, ஆனால் அது சொற்பம். அந்தச் சொற்பத்துக்கு ஈடாக விளக்கு எதைத் தருகிறது, எதைத் தர முடியாமல் போகிறது என்பதுதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பைக்கும் இன்னொரு வாகனமும் மோதிக்கொள்ளும் விபத்துகளில் அடிக்கடி நிகழ்வது ஒரே மாதிரியான காட்சிதான். சந்திப்பில் நிற்கும் கார் ஓட்டுநர் எதிரே பார்க்கிறார், வழி காலியாக இருப்பதாக நினைத்துத் திரும்புகிறார், நேராக வந்துகொண்டிருந்த பைக் காரின் பக்கவாட்டில் மோதுகிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் சுமார் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய மோதல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் பைக்குக்கு உரிய வழியை மற்ற வாகனமே மறித்தது என்றும், பைக்கைக் காணத் தவறியதே முதன்மைக் காரணம் என்றும் கண்டது. விபத்துக்குப் பின் அந்த ஓட்டுநர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.” பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சாக இது தோன்றலாம். விழித்திரையில் நடப்பதைக் கணக்கிட்டால், அவர்களில் பலர் தங்கள் கண் கண்டதை அப்படியே சொல்கிறார்கள் என்பது புரியும்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அதன் அகலம் கண்ணில் சுமார் 2 டிகிரி கோணத்தை அடைக்கிறது. 100 மீட்டர் தொலைவில் நேராக வரும் பைக்கின் அகலம் 0.8 மீட்டர் என்று கொண்டால், அது அடைப்பது அரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. அதாவது அந்தக் கட்டைவிரலில் கால்வாசி, வானத்தில் முழுநிலவின் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. அதே தொலைவில் காரின் அகலம் இரண்டு நிலவுகளுக்குச் சமம். நேராக நம்மை நோக்கி வரும் பொருள் பார்வையில் இடவலமாக நகர்வதுமில்லை. ஓரப்பார்வை அசைவைத்தான் சட்டென்று பிடிக்கும். அசையாத சிறு உருவம் அதற்குப் பின்னணியின் ஒரு பகுதியாகவே படும்.

இங்குதான் விளக்கு முதல் வேலையைச் செய்கிறது. நல்ல வெயிலில் தார்ச்சாலையின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 3,000 கேண்டெலா (ஒரு திசையில் வீசும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு) இருக்கும். எதிரே உள்ள கண்ணை நோக்கி 400 கேண்டெலா வீசும் விளக்கின் முகப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், அதன் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 40,000 கேண்டெலா. தன்னைச் சூழ்ந்திருக்கும் சாலையைவிட அந்தப் புள்ளி பத்து மடங்குக்கும் மேல் பிரகாசமாக நிற்பதால், நண்பகலிலும் கண் அதை நோக்கித் திரும்புகிறது. ஆனால் பின்னணிக்கும் விளக்குக்கும் ஒளிர்வு சமமாகிவிட்டால் கதையே மாறிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பல்களை நெருங்கும் அவெஞ்சர் விமானத்தின் முன்பக்கத்தில் விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளியை வானத்தின் ஒளிக்குச் சமமாக வைத்துச் சோதித்தது. விளக்கில்லாதபோது சுமார் 19 கிலோமீட்டரிலேயே கரும்புள்ளியாகத் தெரிந்த விமானம், விளக்கெரிந்தபோது 3 கிலோமீட்டருக்குள் வரும்வரை கண்ணில் படவில்லை. ஒளியே மறைக்கும் திரையானது. தாழ்ந்த சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பைக் ஓட்டுபவர், எதிரில் வருபவரின் கண் கூசும் திசையிலிருந்து தாம் வருகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சூரியனின் ஒளிர்வோடு எந்த ஹெட்லைட்டும் போட்டியிட முடியாது.

ஆக, “அங்கே ஒருவர் வருகிறார்” என்ற செய்தியை விளக்கு சேர்த்துவிடுகிறது. ஆனால் திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநருக்கு இன்னொரு செய்தியும் தேவை: அவர் எப்போது வந்து சேர்வார்? நம் மூளை இதைக் கணிக்கும் விதம், நான் அறிந்தவற்றுள் மிக அழகான வழிமுறைகளில் ஒன்று. தொலைவும் தெரியாது, வேகமும் தெரியாது. இரண்டும் இல்லாமலே நேரத்தைக் கண்டுவிடலாம். நெருங்கும் பொருளின் உருவம் விழித்திரையில் விரிகிறது. அது அடைக்கும் கோணத்தை, அந்தக் கோணம் விரியும் வேகத்தால் வகுத்தால், வந்து சேர எஞ்சியிருக்கும் நேரம் கிடைத்துவிடும். உளவியலாளர் டேவிட் லீ 1976இல் இதை ஓட்டுநர்கள் பிரேக் பிடிக்கும் செயலோடு பொருத்திக் காட்டினார். வெட்டுக்கிளியின் மூளையில்கூட, விரியும் உருவத்துக்கென்றே துடிக்கும் ஒரு நரம்பணு இருக்கிறது. பாய்ந்துவரும் பறவையிடமிருந்து வெட்டுக்கிளி தப்புவதற்கு அது துணைபுரிகிறது.

இந்த அழகான கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. கோணம் விரியும் வேகம் விநாடிக்குச் சுமார் 0.003 ரேடியனை, அதாவது நிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்வரை, ஒரு பொருள் நெருங்குகிறது என்பதையே மனிதக் கண்ணால் சரியாக உணர முடிவதில்லை. விரியும் வேகமோ பொருளின் அகலத்தையும் வேகத்தையும் பெருக்கி, தொலைவின் இருமடியால் வகுத்தால் வருவது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1.8 மீட்டர் அகலமுள்ள கார் அந்த எல்லையை 100 மீட்டர் தொலைவிலேயே தொட்டுவிடுகிறது. ஓட்டுநருக்கு 6 விநாடி கிடைக்கிறது. அதே வேகத்தில் வரும் பைக் 67 மீட்டருக்கு வந்த பிறகே எல்லையைத் தொடுகிறது. கிடைப்பது 4 விநாடி. அதுவரை ஓட்டுநரின் கண்ணுக்கு அது தொலைவில் ஏறத்தாழ அப்படியே நிற்கும் ஓர் உருவம். தொலைவின் இருமடியால் வகுப்பதால், 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வர எடுக்கும் 3 விநாடியில் விரியும் வேகம் நான்கு மடங்காகிறது. அடுத்த ஒன்றரை விநாடிக்குள் மீண்டும் நான்கு மடங்காகிறது. நெடுநேரம் அசையாதிருந்த புள்ளி திடீரென்று முகத்தெதிரே வெடித்து விரிவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இத்தகைய மரணம் நேர்ந்த வீட்டில் “விதி முடிந்துவிட்டது” என்று சொல்லி ஆறுதல் தேடுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அகலத்தாலும் தொலைவாலும் கணக்கிடக்கூடிய ஒன்றை விதி என்று ஒரு சமூகமே ஏற்றுக்கொண்டு அமைதியாவதை என்னால் ஏற்க முடியாது. எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதற்கு ஒதுக்கப்படும் ஆராய்ச்சிப் பணத்தில் மிகச் சிறிய பங்குகூட மனிதக் கண் சாலையில் எதைக் காண்கிறது என்ற ஆய்வுக்குப் போவதில்லை என்பது என் ஆதங்கம். இத்தனைக்கும் இந்த ஆய்வுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை.

விளக்கு உண்மையிலேயே பயன் தந்ததா என்றால், தந்தது. மலேசியா 1992இல் பைக்குகள் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும் என்று சட்டமாக்கியபின், கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு மதிப்பிட்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பகலில் விளக்கெரித்தவர்களுக்கு விபத்துக் காயத்தின் வாய்ப்பு 27 விழுக்காடும், ஒளிரும் மேலாடை அணிந்தவர்களுக்கு 37 விழுக்காடும் குறைவாக இருந்தது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் விளக்கு தானாகவே எரிகிறது. ஐரோப்பாவில் 2011 முதல் புதிய கார்களும் பகல் விளக்கோடு வரத் தொடங்கின. எல்லா வாகனங்களிலும் விளக்கு எரிந்தால் அவற்றுக்கு நடுவே பைக்கின் ஒற்றை விளக்கு தனித்துத் தெரியாமல் போகுமே என்ற கவலையும் கூடவே வந்தது. அது நியாயமான கவலை என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் பைக்கின் விளக்கு பகலில் விநாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை மங்கிப் பிரகாசிக்கும்படி அமைக்க அனுமதி உண்டு. ஓரப்பார்வை இந்தத் துடிப்பை உடனே பிடித்துக்கொள்ளும்.

பொழுது சாய்ந்து பைக்கின் உருவம் இருளில் கரையத் தொடங்கும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இப்போது கண்ணுக்குக் கிடைக்கும் அகலம் விளக்கின் அகலம் மட்டுமே, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அதே 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்கிட்டால், நெருங்குவதை உணரும் எல்லை 29 மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. எதிரே உள்ளவருக்கு இரண்டு விநாடிகூட இல்லை. காருக்கு இந்தச் சங்கடம் இல்லை, ஏனென்றால் அதன் இரு விளக்குகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியே அகலமாகி விரிந்துகாட்டுகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதே வழியில் சென்றது: ஹெட்லைட்டோடு மேலும் இரண்டு சிறு விளக்குகளைச் சேர்த்து மூன்றையும் முக்கோணமாக அமைத்துக் காட்டியபோது, மங்கிய ஒளியில் பைக்கின் வேகத்தைப் பார்ப்பவர்கள் கணிப்பது மேம்பட்டது. அந்தச் சிறு விளக்குகள் கைப்பிடியின் இரு நுனிகளிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இருட்டிலும் கண்ணுக்கு 0.8 மீட்டர் அகலம் திரும்பக் கிடைக்கிறது. எல்லை 29 மீட்டரிலிருந்து மீண்டும் 67 மீட்டருக்குப் போகிறது.