36.4 பாகை: காரில் நைட்ரஸ் தோம்பும் சாலைச் சட்டமும்

இன்னமும் பழக்கத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே பலரும் அழைக்கும் மலேசியச் சிறுநகரமான பெஸ்தாரி ஜெயாவில், முன்பு என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இப்போது சொந்தமாகக் கார்ப் பட்டறை நடத்துகிறார். சென்ற வாரம் குரல் பதிவில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “சார், வீராவுல நோஸ் தோங் மாட்டியிருக்கேன். வால்வ மூடி வெச்சிட்டு ரோட்டுல ஓட்டுனா தப்பா?” வீரா என்பது புரோட்டான் நிறுவனத்தின் பழைய கார்; ‘நோஸ் தோங்’ என்பது, இயந்திரத்தின் திறனைக் கூட்டுவதற்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை அடைத்துக் காரில் பொருத்தும் தோம்பு, அதாவது வாயு உருளை. சட்டத்தைப் பற்றிய கேள்விதான். ஆனாலும் அந்தத் தோம்புக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொன்னால், சட்டம் காரணமில்லாமல் இளைஞர்களின் ஆசைக்குக் குறுக்கே நிற்பதாகத்தான் தோன்றும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அன்று; தீக்குச்சியைக் காட்டினாலும் அது தானாக எரியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த இந்த வாயுவை ஜோசப் பிரீஸ்ட்லி 1772-இல் கண்டறிந்தார்; 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வலி தெரியாமல் பல் பிடுங்க அதைப் பயன்படுத்தினார். இன்றும் பிரசவ அறையில் தாய்மார் வலி தணிய முகமூடி வழியே இழுக்கும் எண்டோனாக்ஸ், பாதி நைட்ரஸும் பாதி ஆக்சிஜனும் கலந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர் விமானங்கள், காற்று மெலிந்த உயரத்தில் தளர்ந்துபோகும் இயந்திரத்துக்கு மூச்சுக் கொடுக்க இதே வாயுவை எடுத்துச் சென்றன. கார்ப் பந்தயத்துக்கு அது வந்து சேர்ந்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

காரணம் எளிது. எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் அதை எரிக்க ஆக்சிஜன் இல்லையென்றால் பயனில்லை. 1.5 லிட்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 75 லிட்டர் காற்றை இழுக்கலாம். அதில் உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 20 கிராம், நடைமுறையில் அதற்கும் குறைவு. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 விழுக்காடு என்றால், நைட்ரஸின் எடையில் அது 36 விழுக்காடு. நொடிக்கு 23 கிராம் நைட்ரஸைச் செலுத்தினால் 8 கிராம் ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோலையும் கூட்டினால் சுமார் 50 குதிரைத்திறன் ஏறும். ஏறத்தாழ 90 குதிரைத்திறன் கொண்ட பழைய வீராவுக்கு இது எத்தகைய பாய்ச்சல் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சிலிண்டரின் வெப்பத்தில் நைட்ரஸ் மூலக்கூறு உடைந்து ஆக்சிஜனை விடுவிக்கும்போது, அந்த உடைதலே தன் பங்குக்கு வெப்பத்தையும் தருகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பெட்ரோலை இயந்திரத்துக்கு அனுப்பப் பம்பு வேண்டும்; நைட்ரஸுக்குப் பம்பே தேவையில்லை, தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும். தோம்புக்குள் அடியில் திரவமும் அதன் மேல் ஆவியும் இருக்கின்றன. இயல்பான அழுத்தத்தில் மைனஸ் 88 பாகைக்கும் கீழேதான் இந்தத் திரவம் கொதிக்காமல் இருக்கும்; நம் ஊர் வெயிலில் அது எப்போதும் கொதிக்கத் துடித்துக்கொண்டே இருக்கிறது, மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்த அழுத்தம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 20 பாகை செல்சியஸில் அது சுமார் 50 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 50 மடங்கு. 30 பாகையில் 63 பார். தோம்பில் ஒரு கிலோ இருந்தாலும் நான்கு கிலோ இருந்தாலும், அடியில் கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்தமானியின் முள் ஒரே இடத்தைத்தான் காட்டும். வீட்டில் சமையல் எரிவாயு தீரும் நாள்வரை அடுப்பு ஒரே சீராக எரிவதும் இதனால்தான்.

வால்வைத் திறந்ததும், தோம்பின் அடிவரை இறங்கியிருக்கும் குழாய் வழியே திரவம் ஏறி, எஃகுப் பின்னல் போர்த்திய குழாயில் ஓடி, இயந்திரத்தின் வாசலில் உள்ள ஊசிக்கண் துளையில் வெளிப்படுகிறது. அடக்கி வைத்திருந்த அழுத்தம் அந்த இடத்தில் சட்டென்று விலகுவதால் திரவம் ஒரே கணத்தில் ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. காற்று குளிர்ந்து சுருங்குவதால் அதே சிலிண்டருக்குள் கூடுதல் காற்றும் நுழைகிறது. அந்தப் பட்டறையில் ஒரு பிற்பகல், குழாயைச் சில நொடிகள் மட்டும் திறந்து காட்டினார்கள். பித்தளை முனையில் வெண்பனி படிந்து, ஐஸ் கச்சாங்குக்குச் சீவும் கட்டியைப் போலச் சொரசொரப்பாகி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. வெளியே வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது.

இங்கேதான் 36.4 பாகை வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை அது. மூன்றில் இரண்டு பங்கு மட்டும் எஞ்சியிருக்கும் தோம்பு ஒன்றுக்குக் கண்ணாடிச் சுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூடேற ஏறத் திரவம் விரிந்து அடர்த்தி இழக்கிறது. மேலே ஆவியோ நெருங்கி நெருங்கி அடர்த்தி பெறுகிறது. 36 பாகையை நெருங்கும்போது இரண்டுக்கும் நடுவிலிருந்த பளபளப்பான கோடு மங்கி, நடுங்கி, 36.4-ஐத் தொட்டதும் இல்லாமலே போய்விடுகிறது. அதன் பிறகு உள்ளே இருப்பது திரவமுமன்று, ஆவியுமன்று. இரண்டின் இயல்பும் கலந்த ஒரே பாய்பொருள். அப்போது அழுத்தம் சுமார் 72 பார், பட்டறை மானிகள் காட்டும் அளவில் 1,050 பிஎஸ்ஐ. குளிர்நாடுகளில் இந்தக் கருவியைப் பயன்படுத்துவோர், 900 முதல் 1,000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் கிடைக்கத் தோம்புக்கு மின்போர்வை சுற்றிச் சூடேற்றுகிறார்கள். நமக்கு அந்தப் போர்வையை வெயிலே சுற்றிவிடுகிறது. நிறுத்தி வைத்த மூடிய காரின் உட்புறம் இங்கே 50 பாகையைத் தாண்டுவது அன்றாடம்.

கோடு மறைந்த பிறகு கணக்கு மாறிவிடுகிறது. வெப்பநிலை மட்டும் அழுத்தத்தைத் தீர்மானித்த நிலை போய், எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அளவுக்கு மீறி நிரப்பிய தோம்பில், 36 பாகை வருவதற்கு முன்பே திரவம் விரிந்து இடம் முழுவதையும் அடைத்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். அதற்காகத்தான் வால்வில், பொதுவாக 3,000 பிஎஸ்ஐ அளவில் கிழியும்படி ஒரு மெல்லிய உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். வாயுவைக் காருக்கு வெளியே கொண்டுபோகத் தனிக் குழாய் இல்லாத வண்டியில் அந்தத் தகடு கிழிந்தால், தோலை உறையவைக்கும் வாயு முழுவதும் காருக்குள்ளேயே பாய்ந்து, மூச்சுக்கு வேண்டிய காற்றை வெளியே தள்ளிவிடும். மேலும், பந்தய நைட்ரஸில், யாரும் போதைக்காக முகரக் கூடாதென்று மூச்சை எரிக்கும் கந்தக டைஆக்சைடைச் சிறிதளவு கலக்கிறார்கள்.

இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வால்வு திறந்தால் நைட்ரஸ் நொடிக்கு இத்தனை கிராம் என்று ஒரே சீராகப் பாயும். இயந்திரத்தின் வேகத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நான்கு சிலிண்டர் இயந்திரம் 6,000 சுற்றில் நொடிக்கு 200 முறை மூச்சிழுக்கிறது, 3,000 சுற்றில் 100 முறைதான். ஆகவே மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் இரட்டிப்பு நைட்ரஸ் கிடைக்கிறது. குறைந்த சுற்றில் நைட்ரஸைத் திறக்கும் விசையை அழுத்தியவர்களின் இயந்திரங்கள் உடைவதற்கு இதுவே முதன்மைக் காரணம். கூடுதல் பெட்ரோல் தரும் வால்வு ஒரு கணம் அடைத்துக்கொண்டால் போதும், மிஞ்சிய ஆக்சிஜனால் வெப்பம் எகிறி, 660 பாகைக்கும் கீழேயே உருகத் தொடங்கும் அலுமினியக் கலவைப் பிஸ்டனில் ஓட்டை விழும்.

சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வண்டியின் அமைப்பை ஆள்கின்றன. இயந்திரத்தின் மூல அமைப்பை மாற்ற சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும்; மாற்றிய வண்டி பரிசோதனைக்கும் போக வேண்டும். அனுமதி பெறாத மாற்றம் குற்றம். அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லாமல் மறைத்தால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படவும் அதுவே காரணமாகலாம். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது தனிக் குற்றம்.

மற்ற நாடுகளில் ஒரே மாதிரியான பதில் இல்லை. பிரிட்டனில் காரில் நைட்ரஸ் பொருத்துவது சட்டப்படி செல்லும், காப்பீட்டாளரிடம் தெரிவிக்க வேண்டும். போதைக்காக அதை வைத்திருப்பதுதான் 2023 நவம்பர் முதல் அங்கே குற்றம். கலிபோர்னியாவில், புகைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய எந்தக் கருவிக்கும் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை வேண்டும்; அந்த ஆணையைப் பெற்ற நைட்ரஸ் கருவிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் வேறு சில மாநிலங்கள், பொதுச் சாலையில் தோம்பின் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும் என்கின்றன. வண்டிப் பரிசோதனையில் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியே, இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிய கார்களுக்குரிய தரத்தை ஒத்த தரத்தில் சோதித்து இதை அனுமதிக்கிறது.

அந்த ஜெர்மானிய வழியே எனக்குச் சரியென்று படுகிறது. கோலாலம்பூரில் எத்தனையோ டாக்சிகள் பின்பக்கத்தில் 200 பார் அழுத்த இயற்கை எரிவாயுத் தோம்புடன் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன. சரியாக நிரப்பி, சூடேறாமல் வைத்த நைட்ரஸ் தோம்பின் அழுத்தம் அதில் பாதிகூட இல்லை. ஆகவே அழுத்தம் மட்டுமே தடைக்குக் காரணமாக இருக்க முடியாது. அந்த டாக்சி பரிசோதனைக்கு வந்தபோது எந்த இயந்திரமோ, சாலையிலும் அதே இயந்திரம்தான். நைட்ரஸ் பொருத்திய காரிலோ விசையை அழுத்தாதபோது ஒன்று, அழுத்தும்போது இன்னொன்று என்று இரண்டு இயந்திரங்கள் இருப்பது போலத்தான். பிரேக்கும் டயரும் முதல் இயந்திரத்துக்காக மட்டுமே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. இரண்டாவதையும் சேர்த்துச் சோதிக்க ஒரு முறை வகுக்கப்படும் வரை, அதை ஏற்றுக்கொள்ளும்படி சட்டத்தைக் கேட்பது நியாயமில்லை.

இதை மனம் வருந்தி எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் இருவழிச் சாலைகளில், ஒரு வளைவில் இளைஞர்கள் அடுத்தடுத்து விழுந்தால் “அங்கே ஏதோ இருக்கு” என்று சொல்லிப் பரிகாரம் செய்கிறார்கள். முனீஸ்வரர் சந்நிதியில் வண்டியை நிறுத்திக் கும்பிடுவதையும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதையும் நான் மதிக்கிறேன். அவை நன்றியும் நிதானமும் தரும் வழக்கங்கள். ஆனால் 60 கிலோமீட்டர் வேகம் 90 ஆனால் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது என்பதை எந்தப் பரிகாரமும் மாற்றாது. பழியை வளைவின் மேல் போட்டுவிட்டால், அடுத்த பையனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியே பீய்ச்சிவிடும் நைட்ரஸ், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. அதே வாயு, தோட்டங்களில் செம்பனைக்குப் போடும் தழைச்சத்து உரத்திலிருந்தும் மண்ணின் நுண்ணுயிர்களால் உருவாகி, ஓசையின்றி எழுகிறது. அதை அளக்கும் ஆய்வுகளுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: வால்வை மூடினாலும் வண்டியில் செய்த மாற்றம் மாற்றம்தான், அனுமதியில்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது, ஆசை இருந்தால் சிப்பாங் போன்ற ஓடுதளத்தில், விதிகள் இடம்தரும் பந்தயப் பிரிவில் ஓட்டட்டும். அதைப் படித்துவிட்டு அவர் தோம்பின் மானியைப் படமெடுத்து அனுப்பினார். பிற்பகல் இரண்டு மணி; நிழலே இல்லாத செம்மண் திடலில், கண்ணாடிகளை ஏற்றி மூடிய வீரா. முள் 1,050-ஐத் தாண்டி நின்றது. கார்க் கதவுகளையெல்லாம் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கவும், சூடு தணிந்த பிறகு தோம்பைக் கழற்றிப் பட்டறைக் கூரையின் கீழ் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைக்கவும் சொன்னேன். மாலை ஆறரை மணிக்கு இன்னொரு படம் வந்தது: பட்டறைச் சுவரோரம் சங்கிலியில் தோம்பு, மானியில் 900.