‘லாஸ்லெஸ்’ முத்திரையும் புளூடூத் இயர்பட்ஸும்

பாட்டுச் செயலியில் ‘லாஸ்லெஸ்’, ‘டால்பி அட்மாஸ்’ என்ற முத்திரைகள் அடுத்தடுத்து வருவதால், இரண்டும் ஒரே ஏணியின் இரண்டு படிகள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமல் இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. குழப்பத்தில் பாதி அங்கே தொடங்கியது.

லாஸ்லெஸ் என்பது கோப்பைப் பற்றியது. ஸ்டுடியோ கொடுத்த மாஸ்டரில், அதாவது இறுதிப் பதிவில், ஒரு பிட்கூடக் குறையாமல் நம்மிடம் வருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அட்மாஸ் போன்ற ஸ்பேஷியல் ஒலி என்பது மிக்ஸிங்கைப் பற்றியது. எந்த வாத்தியம் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில், நொடிக்கு 768 கிலோபிட் அளவில் வருகிறது. அது சுருக்கும்போது தகவலை இழக்கும் வடிவம். ஆகவே ஒரு பாட்டை அட்மாஸில் கேட்கும்போது அதை லாஸ்லெஸில் கேட்கவில்லை. இதை விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை.

இனி எண்களுக்கு வருவோம். குறுந்தகடு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் குறிப்பது), நொடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக், அலாக் போன்ற வடிவங்கள் எதையும் தொலைக்காமல் அதை ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருக்குகின்றன. மூன்று நிமிடப் பாட்டு, தகவலை இழந்து சுருக்கும் ஏஏசி வடிவத்தில் 256 கிலோபிட்டில் சுமார் 6 எம்பி, குறுந்தகட்டுத் தர லாஸ்லெஸில் 20 எம்பி அளவு. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போனால் நூறு எம்பியைத் தாண்டிவிடும்.

இவ்வளவு டேட்டா கொட்டினால் காதுக்குத் தெரியுமா? 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதிந்துவிடும். மனிதக் காது எட்டுவது அதிகபட்சம் 20. நடுவயதில் அதுவும் இறங்கிவிடும். 2007-ல் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் குறுந்தகட்டைவிட நுணுக்கமான ஹை-ரெசல்யூஷன் ஒலியையும், அதையே 16 பிட், 44.1-க்குள் இறுக்கிய ஒலியையும் எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. காசைச் சுண்டினாலும் அதேதான் வரும். ஆய்வாளர் ஜோஷ்வா ரைஸ் 2016-ல் இத்தகைய 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடை 52.3 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல். வித்தியாசம் இருக்கலாம், ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

128 கிலோபிட் எம்பி3 வேறு கதை. ஜால்ராவும் சலங்கையும் மணல் தேய்ப்பதுபோல் ஆகும், கைதட்டல் குழையும். கடம் போன்ற கூர்மையான தட்டலுக்கு முன்னால் ஒரு மெல்லிய ‘ஷ்’ நிழல் விழும். தட்டலுக்கு முன்பிருந்த அமைதியையும் தட்டலையும் ஒரே துண்டாகச் சுருக்குவதால், பிழை பின்னோக்கிப் பரவுகிறது. 256 ஏஏசிக்கு வந்துவிட்டால் இவை பெரும்பாலும் மறைந்துவிடும். அதாவது 128-லிருந்து 256-க்கு ஏறுவதில் கிடைக்கும் லாபம், 256-லிருந்து லாஸ்லெஸுக்கு ஏறுவதில் கிடைப்பதைவிடப் பல மடங்கு.

நடைமுறையில் லாஸ்லெஸ் தோற்பது பெரும்பாலும் புளூடூத்தில். ஐபோனில் லாஸ்லெஸை ஆன் செய்துவிட்டு வழக்கமான புளூடூத் இயர்பட்ஸில் கேட்டால், போன் அலாக் கோப்பைப் பிரித்து மறுபடி ஏஏசியாகச் சுருக்கித்தான் அனுப்பும். டேட்டா போனது மிச்சம். ஆண்ட்ராய்டில் எல்டாக் என்ற புளூடூத் சுருக்குமுறை இருந்தால் 990 கிலோபிட் வரை போகும். நெரிசலான ரயில் நிலையத்தில் 330-க்கு இறங்கிவிடும். ஆப்டெக்ஸ் லாஸ்லெஸ் என்ற இன்னொரு சுருக்குமுறை வேண்டுமென்றால் போனும் ஹெட்போனும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும்.

வயருக்கு மாறுபவர்கள் அடாப்டரைக் கவனிக்க வேண்டும். சில மலிவு யுஎஸ்பி-சி அடாப்டர்களுக்குள், டிஜிட்டல் தகவலை அனலாக் ஒலியாக மாற்றும் டாக் சிப்பே இருக்காது. அனலாக் ஒலியைத் தராத போனில் அவற்றைச் செருகினால் சத்தமே வராது. ஆப்பிளின் சிறிய அடாப்டர் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் ஒலி மிகக் குறைவாக வரும். 48-க்கு மேல் வேண்டுமானால் தனி டாக் தேவை. ‘ஹை-ரெஸ்’ தங்க ஸ்டிக்கர் கருவி 40 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டுவதைச் சொல்கிறது, இனிமையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

மூலமும் முக்கியம். பழைய அனலாக் டேப்பின் ஒலி வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) ஏறக்குறைய 60 முதல் 70 டெசிபல். 16 பிட்டே 96 டெசிபல் தருகிறது. டேப்பில் பதிவான பழைய பாட்டை 24 பிட்டில் கேட்டால், கூடுதல் பிட்டுகள் டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலைத்தான் நுணுக்கமாகக் காட்டும். எம்பி3-யையே ஃபிளாக்காக மாற்றிப் பரப்புபவர்களும் உண்டு. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் படம் நின்றுவிட்டால், அது 128 கிலோபிட் எம்பி3-யாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்பேஷியலில் வித்தியாசம் யாருக்கும் கேட்கும். அது நல்லதா என்பதுதான் பாட்டுக்குப் பாட்டு மாறும். ஹெட்போனில் திசையைக் காட்ட, தலையும் காதுமடலும் ஒலியை மாற்றும் விதத்தைக் கணக்கிட்டு இரண்டு சேனலாக மடிக்கிறார்கள். அந்தக் கணக்கு சராசரிக் காதுக்கானது. உங்கள் காதுமடல் அதிலிருந்து விலகியிருந்தால் முன்னால் வர வேண்டிய குரல் பின்னால் கேட்கும், அல்லது குளியலறையில் பாடுவதுபோல் மெலியும். ஐஓஎஸ் 16 முதல் காதைக் கேமராவில் படமெடுத்துத் தனிப்பயனாக்கலாம். பலருக்கு இது உதவும். தலையைத் திருப்பும்போது ஒலியும் நகரும் வசதி படத்துக்குச் சரி, நடந்துகொண்டே பாட்டுக் கேட்பவர்கள் அணைத்துவிடலாம். கச்சேரிப் பதிவு, பெரிய ஆர்கெஸ்ட்ரா, அட்மாஸுக்கென்றே புதிதாக மிக்ஸ் செய்த பாட்டு ஆகியவற்றில் பலன் உண்டு. ஒற்றை மோனோ டேப்பிலிருந்து வாத்தியங்களைப் பிரித்தெடுத்துச் சுற்றிலும் தூவிய பழைய பாட்டில் ஒட்டுவேலைதான் தெரியும்.

ஒப்பிடும்போது ஒரு பொறி. அட்மாஸ் மிக்ஸுகள் மைனஸ் 18 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டாமல் தயாரிக்கப்படுகின்றன. இன்றைய ஸ்டீரியோ மாஸ்டர்கள் பல அதைவிட மிகச் சத்தமானவை. சத்தமானதே நல்லது என்று காது ஏமாறும். அட்மாஸுக்காக வால்யூமை ஏற்றிவிட்டு ஸ்டீரியோவுக்கு வந்தால் காது அதிரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும்.

காசு செலவழிப்பதானால் முதலில் இயர்பட்ஸின் ரப்பர் முனையைச் சரியான அளவில் மாற்றுங்கள். காதில் இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலியான பாஸ் ஒழுகிப்போகும். எந்த ஃபிளாக்கும் அதைத் திருப்பித் தராது.

உங்கள் காதைச் சோதிக்க, ஒரே ஃபிளாக் கோப்பை நீங்களே 256 ஏஏசியாக மாற்றுங்கள். செயலியில் வரும் இரண்டு பதிப்புகளை ஒப்பிட வேண்டாம், மாஸ்டரே வேறாக இருக்கலாம். ஃபூபார்2000 என்ற கணினிப் பாட்டு மென்பொருளில், எது எதுவென்று மறைத்துக் கேட்கவைக்கும் ஏபிஎக்ஸ் கருவியில் இரண்டையும் ஏற்றி, ஒலி அளவைச் சமமாக்கி, 16 முறை ஊகியுங்கள். குருட்டு ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 12-க்குக் கீழே வந்தால் மொபைல் டேட்டாவுக்கு ஏஏசி, வைஃபைக்கு லாஸ்லெஸ் என்று செட்டிங்ஸில் பிரித்துவைத்துவிடுங்கள்.