குளோரின் சென்சார் தப்பாகக் காட்டினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 10500:2012 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. அதைக் கண்காணிக்கும் சென்சார் குறைத்துக் காட்டினால், அதை நம்பி இயங்கும் டோசிங் பம்பு, அதாவது நீரில் மருந்தை அளந்து சேர்க்கும் பம்பு, குளோரினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கூட்டிக் காட்டினால் கிருமி பிழைத்துக்கொள்ளும். இரண்டில் இதுதான் ஆபத்து.

சவ்வு பொருத்திய சென்சாரில் தங்கத்தாலான எதிர்மின்வாயும் வெள்ளியாலான நேர்மின்வாயும் மின்சாரம் கடத்தும் கரைசலான மின்பகுளியில் மூழ்கியிருக்கும். சவ்வைக் கடந்து வரும் ஹைப்போகுளோரஸ் அமிலம் தங்கத்தின் மேல் எலக்ட்ரான்களைப் பெற்றுக் குளோரைடாக மாறும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. கருவி அளப்பது அதைத்தான். சவ்வை வந்தடையாத குளோரின் அதன் கணக்கிலேயே சேராது.

ஆகவே முதல் சோதனை நீரோட்டம். சென்சார் தன் முன்னே வரும் குளோரினைத் தின்றுகொண்டே இருக்கிறது. ஓட்டம் குறைந்தால் அளவும் இறங்கும். வடிகட்டி அடைத்திருக்கிறதா, சவ்வின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டத்தைச் சற்றுக் கூட்டியதும் அளவு ஏறினால் கோளாறு சென்சாரில் இல்லை.

அடுத்தது பிஎச், அதாவது நீரின் அமிலக் காரத்தன்மை. 25 டிகிரி வெப்பநிலையில் பிஎச் 7.5 அளவில் குளோரினில் ஏறக்குறையப் பாதிதான் அமில வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால்பங்குதான். மீதி ஹைப்போகுளோரைட் அயனி. அமில வடிவத்தையே முக்கியமாக அளப்பதால், பிஎச் திருத்தம் இல்லாத சென்சார், பிஎச் ஏறும்போது குளோரின் மாறாவிட்டாலும் சரிந்து காட்டும்.

ஒப்பிட டிபிடி சோதனை செய்யுங்கள்; குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் வேதிப்பொருள் அது. மாதிரியை, சென்சார் பொருத்திய ஓட்டக்கலத்தின் வெளியேற்றத்திலிருந்தே பிடித்து, இளஞ்சிவப்பு நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். தாமதித்தால், நீரில் குளோரமின் (குளோரின் அமோனியாவோடு சேர்ந்த வடிவம்) இருக்கும் பட்சத்தில் நிறம் ஏறிக்கொண்டே போகும். குளோரின் மிக அதிகமானாலோ நிறமே வெளுத்து, இல்லாததுபோல் ஏமாற்றும். சந்தேகமிருந்தால் குளோரின் இல்லாத நீரில் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் சென்சாரைக் கழற்றலாம். கரித்தூள் வடிகட்டியில் குளோரின் நீக்கிய நீரில் வையுங்கள். மின்னோட்டம் பூச்சியத்தை நெருங்காவிட்டால் சவ்வு கிழிந்திருக்கலாம், இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம். சவ்வு மூடியை மாற்றும்போது மின்பகுளியைக் குமிழியின்றி நிரப்பி, மெதுவாகத் திருகுங்கள். சவ்வை விரலால் தொடாதீர்கள். தங்க முனையைத் தயாரிப்பாளர் தரும் மெல்லிய தேய்ப்புத் தாளால் மட்டும் துடையுங்கள். வெள்ளிக் கம்பியின் பழுப்புப் படலம் அழுக்கல்ல, வெள்ளிக் குளோரைடு. அதைச் சுரண்டினால் சென்சார் கெட்டது.

இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். புதுச் சவ்வு போட்ட சென்சார் நிலைப்படச் சில மணி நேரமாவது ஆகும், சிலவற்றுக்கு ஒரு நாள். அதற்குள் அளவுத்திருத்தம் செய்தால், அதாவது காட்டும் எண்ணைச் சோதனை மதிப்போடு பொருத்தினால், நகர்ந்துகொண்டிருக்கும் ஓர் எண்ணை ஆணியடித்து நிறுத்துகிறீர்கள். மறுநாள் அது மீண்டும் தப்பாகவே காட்டும். குளோரினே இல்லாத நீரில் நெடுநாள் கிடந்த சென்சாருக்கும் இதே பொறுமை வேண்டும். அதன் சவ்வில் நுண்ணுயிர்கள் வளர்ந்த உயிர்ப்படலம் படிந்திருக்கலாம், உணர்திறனும் மங்கியிருக்கலாம். குளோரின் உள்ள நீரை ஓடவிட்டு, எண் அசையாமல் நின்ற பிறகு டிபிடி மதிப்போடு பொருத்துங்கள்.