வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்த ஆப்? அதற்கு முன் ஒரு கேள்வி

“டீச்சர், இவனுக்கு ஏதாவது நல்ல ஆப் சொல்லுங்க.” ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை தொடங்கியதும் இந்தக் கேள்வி என் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். கடலூரில் மழைக்காலம் என்றால் பள்ளி எத்தனை நாள் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த பிறகு, தென்பெண்ணை ஓரத்து ஊர்களில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் வந்தது. ஏற்கெனவே எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை இப்படி ஓர் இடைவெளிக்குப் பிறகு வகுப்பில் போய் உட்கார்ந்தால் இன்னும் பின்தங்கித்தான் போகும். அதனால் அம்மாக்கள் போனில் வழி தேடுவது நியாயம்தான்.

நான் சிறப்புக் கல்வியாளர். மஞ்சக்குப்பத்தில், வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கும் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறேன். முதுநகர், நெல்லிக்குப்பம், அந்தப் பக்கம் பாகூர் வரைக்கும் இருந்து வருகிறார்கள். ஆப் பெயர் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: பிள்ளை சரியாக எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான்? “நாலாவது படிக்கிறான் டீச்சர்” என்பது இதற்குப் பதில் இல்லை. நாலாவது படிக்கிற பிள்ளை இரண்டெழுத்துச் சொல்லில் நிற்கலாம், உயிர்மெய்க் குறிகளில் நிற்கலாம், எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் பொருள் புரியாமலும் நிற்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. நாலாம் வகுப்பு ஆப் வாங்கிக் கொடுத்தால் மூன்று பேருக்குமே பயன்படாது.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்மிடம் 247 எழுத்து. எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, முறை தெரிந்துவிட்டால் அது ஒரு வாய்ப்பாடுதான். ஆனால் அந்த முறை பிடிபடாத பிள்ளைக்கு ஒவ்வொரு எழுத்தும் தனிப் படமாகத் தெரியும். ‘காடு’ என்று எழுதிக் கொடுங்கள். “கரடு” என்று வாசிக்கும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கால் குறியும் ரகரமும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கின்றன, அவ்வளவுதான். அடுத்து ‘தொடு’. கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் தகரம். இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசிக்கிற பிள்ளை “தெ... ர... டு” என்கிறது. அது சோம்பலும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. மூன்று துண்டையும் சேர்த்து ஓர் ஒலியாகப் பார்க்கக் கண்ணும் மனமும் இன்னும் பழகவில்லை. கை, கெ, கே, கொ, கோ என்ற ஐந்தும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கப்படும் வீடுகளில் இந்தக் குழப்பம் இன்னும் முற்றும். ஒரு குறி உறுதியான பிறகே அடுத்தது.

இன்னொன்று, நாம் எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் ஒன்றல்ல. பிள்ளை “வந்துட்டிருக்கான்” என்று பேசும், புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று இருக்கும். ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் பகரம் ஓர் ஒலி, இரண்டாவது பகரம் இன்னோர் ஒலி. நன்றாக வாசிக்கும் பிள்ளை இதையெல்லாம் யோசிக்காமலே கடந்துவிடும். எழுத்து எழுத்தாகக் கூட்டும் பிள்ளை இரண்டு பகரத்தையும் ஒரே மாதிரி வலித்துச் சொல்லி, தான் சொன்ன சொல் தனக்கே அடையாளம் தெரியாமல் விழிக்கும். அப்போது திட்டாமல், “சரி, இதையே நீ பேசும்போது எப்படிச் சொல்வாய்?” என்று கேளுங்கள். பல நேரம் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

சரி, இப்போது போனுக்கு வருகிறேன். தமிழில் பிள்ளைகளுக்கென்று தேடினால் முதலில் வந்து நிற்பது பாட்டு வீடியோக்கள். அம்மா, ஆடு, இலை என்று பொம்மை ஆடும், பிள்ளை கூடவே பாடும். பாடுவதில் தவறில்லை. ஆனால் அது வாசிப்புப் பயிற்சி அல்ல. பிள்ளை ஒன்றும் செய்யாமலே வீடியோ ஓடி முடிந்துவிடும். பயிற்சி என்றால் பிள்ளை வாயைத் திறக்கும்வரை அது காத்திருக்க வேண்டும், தப்பாகச் சொன்னால் அங்கேயே நின்று திருத்த வேண்டும், திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். ஓர் ஆப்பை எடுத்ததும் இதைத்தான் நான் பார்ப்பேன். பெரிய தொகைக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லி வீடு தேடி வருகிறவர்கள் காட்டுவதில் பெரும்பகுதி வெறும் வீடியோதான். தவணையில் கட்டலாம் என்பார்கள். தயவுசெய்து அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

காசில்லாமலே நல்ல பொருள்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். அவற்றை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரு பக்கத்துக்குச் சில சொற்களே இருக்கும். கதையைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் காட்டலாம், நடுவில் விளம்பரம் வராது. இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவின் கையில். அவர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்தோ கடலிலிருந்தோ வீடு திரும்பிய பிறகுதான் பிள்ளைக்குக் கிடைக்கும். அந்தக் கால்மணி நேரத்தை யூடியூப் விளம்பரம் தின்றுவிடக் கூடாது. நாலாவது படிக்கிற பிள்ளைக்கு முதல் படிக் கதை கொடுக்க வெட்கப்படவும் வேண்டாம். தடுக்காமல் ஒரு கதையை முடித்தேன் என்ற நினைப்பு அந்தப் பிள்ளைக்கு அதுவரை கிடைக்காத ஒன்று.

பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் வகையும் வந்துவிட்டது. கூகுள் 2019இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகப்படுத்தி, பிறகு ரீட் அலாங் என்று பெயர் மாற்றிய செயலி அப்படிப்பட்டது, தமிழும் அதில் சேர்க்கப்பட்டது. கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்த வகை நன்றாகப் பொருந்தும். வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னால் வாய் வறண்டுபோகும் பிள்ளை, போனிடம் தாராளமாகத் தப்புச் செய்யும். டிவி ஓடும் வீட்டில் மட்டும் இது வேலைக்கு ஆகாது. பிள்ளையின் குரலுக்குப் பதில் சீரியல் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

எதுவானாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்துத் தெரியாத ஆயா ஒருவர் தினமும் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அப்புறம் அந்த யானைக்கு என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே அவள் அடுத்த வரியை வாசிப்பாள். ஒரு மணி நேரம் வேண்டாம். தினமும் பதினைந்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வைத்து இரண்டு மணி நேரம் இல்லை.

பெற்றோர் கவனிக்காமல் விடும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பதற்காக அறிவியலும் வரலாறும் அது வரும்வரை காத்திருக்கக் கூடாது. எழுத்துப் பயிற்சி எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படியில் நடக்கட்டும். பாடத்தைக் காதால் கேட்கட்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடை தீக்ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் வரும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போன்களில் செலக்ட் டு ஸ்பீக் என்ற வசதி உண்டு. திரையில் உள்ள தமிழைத் தொட்டால் சத்தமாக வாசித்துக் காட்டும். கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குச் சொல்வளம் நிற்காமல் வளரும். எழுத்துத் தமிழின் வாக்கியங்களும் காதுக்குப் பழகிவிடும், பிறகு அதே வாக்கியத்தைப் புத்தகத்தில் பார்க்கும்போது மிரளாது. “கேட்டே பழகினால் வாசிக்கவே மாட்டானே” என்று பயப்படுகிறார்கள். வாசிப்புப் பயிற்சியை நிறுத்தினால்தான் அந்தப் பயம் நியாயம்.

டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாட்டுக்கென்று தனி எழுத்துரு, கலர் கண்ணாடித் தாள் என்று விற்கிறார்கள். அவற்றால் வாசிப்புத் திறன் கூடுகிறது என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டுக் கொடுங்கள். வாசிக்க வசதியாக இருக்கும், செலவும் இல்லை.

கணக்கு வேறு கதை. முதுநகர் மீன் மார்க்கெட்டில் அம்மாவோடு உட்காரும் ஒரு சிறுமி என்னிடம் வந்தாள். ஐம்பது ரூபாய் நீட்டி, இருபத்தெட்டு ரூபாய்க்கு வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். “இருபத்திரண்டு” என்று உடனே சொன்னாள். நோட்டில் 45இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னதும் 23 என்று எழுதினாள். ஐந்திலிருந்து எட்டுப் போகாது, அதனால் எட்டிலிருந்து ஐந்தைக் கழித்துவிட்டாள். வீட்டில் இதைப் பார்த்தால் கணக்கே வராது என்று முடிவு கட்டுவார்கள். அவளுக்குக் கணக்கு வருகிறது. 45 என்பது நான்கு பத்தும் ஐந்து ஒன்றும் என்பதுதான் தாளில் தெரியவில்லை. ‘நூற்று ஐந்து’ என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளையின் சிக்கலும் இதே இடமதிப்புதான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு வேகமாக விடை சொல்லச் சொல்லி நேரம் வைத்து ஓட்டும் கணக்கு ஆப்களைக் கொடுக்காதீர்கள். பயம்தான் வளரும். முதலில் கையில் பொருள் கொடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட தீக்குச்சிகள் போதும். ஒரு கட்டைப் பிரித்தால்தான் எட்டை எடுக்க முடியும் என்று கையால் செய்து பார்த்த பிறகு, அதையே திரையில் காட்டலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002இலிருந்து நடத்தும் ஃபெட் தளம் இதற்கு நல்லது. இலவசம். இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது. அதில் மேக் எ டென் என்ற விளையாட்டில் எண்களை இழுத்துச் சேர்க்கலாம், பிரிக்கலாம். பிள்ளை 45ஐ 40ஆகவும் 5ஆகவும் தன் விரலால் பிரித்துப் பார்க்கும். பின்னங்களுக்கும் அங்கே நல்ல விளையாட்டுகள் உண்டு, பலவற்றைத் தமிழிலும் திறக்கலாம். தீக்குச்சி, திரை, அப்புறம் நோட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வாய்ப்பாடு மனப்பாடமாகவில்லை என்று வருத்தப்படும் பெற்றோருக்கும் சொல்கிறேன், வாய்ப்பாட்டு அட்டையைப் பார்த்தே கணக்குப் போடட்டும். கணக்கின் வழி புரிந்தால் போதும், மனப்பாடம் மெல்ல வரட்டும்.

இவ்வளவும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் ஆப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், பிள்ளையைக் காட்டுங்கள். முதலில் கண், காது பரிசோதனை. பின் பெஞ்சிலிருந்து போர்டு தெரியாத பிள்ளையைப் படிப்பு வராதவன் என்று முத்திரை குத்திய வீடுகள் உண்டு. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை என்றால் தமிழிலும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் திணறினால் அதைக் கற்றல் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24இல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு அங்கிருந்து வரும் பெற்றோரிடம் இதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுச்சேரியில் ஜிப்மரின் மனநலப் பிரிவிலும், நம் பக்கத்தில் சிதம்பரத்தில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியரிடம் சொன்னால் வழிகாட்டுவார்கள். சென்னையில் 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தின் தளமும் பெற்றோருக்கு உதவும். மனநலப் பிரிவு என்றதும் “என் பிள்ளைக்குப் பைத்தியமா?” என்று கலங்க வேண்டாம். கற்றல் குறைபாட்டுக்கும் அறிவுக்கூர்மைக்கும் சம்பந்தம் இல்லை. சோதனை செய்கிறவர்கள் அந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதால் போகிறோம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் வரும் சிக்கலான ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதும் அதில் ஒன்று. சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே கிடைக்கும். ஆனால் உதவியைத் தொடங்க எட்டு வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். அச்செழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்காக 2016இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் சேரலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிய பிறகு ஓடினால் கோப்பு நகர்வதற்குள் தேர்வே முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புத் தொடங்கும்போதே பள்ளியில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளையும் எடுத்துப் போங்கள், சிவப்பு மையில் அடித்த பக்கங்கள் உட்பட. மதிப்பெண் பட்டியலைவிட அவைதான் பரிசோதிப்பவருக்கு அதிகம் சொல்லும்.