ஸ்கூல்ல டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு: அதுக்கப்புறம்தான் அலைச்சலே

தமிழ்நாட்டு அரசு ஸ்கூல்ல நர்ஸ்னு தனியா யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க. பிள்ளைக்கு ஏதாவதுன்னா ஸ்கூல்லயே பாத்துப்பாங்கன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, இருக்கறது ஒரு முதலுதவிப் பெட்டியும், அவசரத்துக்கு 108-க்கு போன் போடற டீச்சரும்தான். நமக்குன்னு இருக்கறது ஆர்பிஎஸ்கே டீம், அதாவது வண்டில வர்ற ஸ்கூல் ஹெல்த் டீம். 2013-ல ஆரம்பிச்ச மத்திய அரசு திட்டம், பிறந்த குழந்தைல இருந்து 18 வயசு வரைக்கும். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் சேர்ந்து ஒன்றியம் ஒன்றியமா சுத்துவாங்க, அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ, அரசு ஸ்கூலுக்கும் அரசு உதவி பெறும் ஸ்கூலுக்கும் ஒரு தடவ. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் இந்த நாலையும் பாப்பாங்க. கண்டுபிடிச்சா மேல்சிகிச்சை ஆபரேஷன் வரைக்கும் இலவசம். பேப்பர்ல எல்லாமே நல்லாத்தான் இருக்கு.

முதல் சிக்கல் அந்த ஒரு நாள்லயே இருக்கு. நூத்துக்கணக்கான பிள்ளைங்கள பாக்கணும், உயரம் எடை எழுதி கம்ப்யூட்டர்ல ஏத்தணும், உங்க பிள்ளைக்கு கெடைக்கறது சில நிமிஷம்தான். அந்த சில நிமிஷத்துல வெக்கப்பட்டுட்டு "ஒண்ணுமில்ல சார்"னு சொல்லிட்டு வந்துடும். அன்னிக்கு லீவு போட்டிருந்தா அடுத்த வருஷம்தான், யாரும் வீடு தேடி வர மாட்டாங்க. அதனால டீம் என்னிக்கு வருதுன்னு ஹெச்எம் கிட்ட முன்னாடியே கேளுங்க, அவங்களுக்கு டூர் புரோகிராம் போட்டுத்தான் குடுப்பாங்க. அன்னிக்கு காலைல ஒரு துண்டுப் பேப்பர்ல நீங்க வீட்ல பாத்தத எழுதி குடுத்து விடுங்க. ஓடினா மூச்சு வாங்குது, போர்டு தெரியலங்கறான், திடீர்னு ஒரே பக்கம் வெறிச்சு பாத்துட்டு நிக்கறா, மாசம் மாசம் ரத்தப்போக்கு ரொம்ப அதிகமா இருக்கு, இப்படி நீங்க பேசற மாதிரியே எழுதினா போதும். பொண்ணுங்க விஷயத்த லேடி டாக்டர் கிட்டயோ நர்ஸ் கிட்டயோ தனியா குடுக்க சொல்லுங்க.

அடுத்தது சீட்டு. நான் பாத்த வரைக்கும் பிள்ளைங்க நழுவிப்போற இடம் இதுதான். இதயத்துல சத்தம் கேக்குது, காது சரியா கேக்கல, ரத்தம் ரொம்ப கம்மி, எதுவா இருந்தாலும் ரெஃபர் பண்ணி எழுதிக் குடுப்பாங்க. அந்த பேப்பர் பைக்குள்ள போய் நோட்டுக்கு அடில கசங்கி கெடக்கும், இல்லன்னா டீச்சர் வாய்வார்த்தையா "ஒருக்கா ஜிஹெச்க்கு கூட்டிட்டு போய் காட்டிருங்க"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. ரெஜிஸ்டர்ல "ரெஃபர் செய்யப்பட்டது"ன்னு எழுதியாச்சு, அவங்க கணக்கு முடிஞ்சுது, உங்க பிள்ளை கணக்கு அப்படியே நிக்குது. வாய்வார்த்தையோட விடாதீங்க, சீட்டு கேட்டு வாங்குங்க, வாங்கின உடனே போன்ல போட்டோ எடுங்க, டீம் நர்ஸோட இல்ல பார்மசிஸ்டோட நம்பர வாங்கி வெச்சுக்கோங்க. பெரியாஸ்பத்திரில உங்களுக்காக பேசப்போறது அந்த நம்பர்தான்.

பெரியாஸ்பத்திரிக்கு போனதும் எல்லாரும் பண்றது ஓபி லைன்ல நிக்கறது. அப்படி நின்னா அன்னிக்குப் பொழுது போச்சு. குழந்தைகள் ஓபில காது டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, அங்க போனா டெஸ்ட் எடுக்கற ரூம் புதன்கிழமைதான்பாங்க, புதன்கிழமை போனா மெஷின் ரிப்பேர், ஒருநாள் கூலிய விட்டுட்டு வர்ற ஒரு அப்பா எத்தனை புதன்கிழமைக்கு வருவாரு? இதுக்குன்னே மாவட்டத்துல டிஇஐசின்னு ஒரு மையம் இருக்கு, பெரும்பாலும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயோ இருக்கும். குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சி, பிசியோ, காது கண் பரிசோதனை எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்கணும்னுதான் அத கட்டினாங்க. வாசல்ல இருக்கற செக்யூரிட்டிக்கே அது எங்க இருக்குன்னு தெரியாம இருக்கலாம், "ஆர்பிஎஸ்கே சீட்டு, டிஇஐசிக்கு போகணும்"னு விடாம கேளுங்க. கிளம்பறதுக்கு முதல் நாள் டீம் ஆளுக்கு போன் பண்ணி, அங்க ஒரு வார்த்தை சொல்லி வெக்கச் சொல்லுங்க.

இதுல வயசு ஒரு பெரிய பொறி. திட்டம் 18 வயசு வரைக்கும்னு போட்டிருக்கறத பாத்துட்டு மெதுவா போகலாம்னு இருந்துடாதீங்க. பிறவிலயே காது கேக்காத குழந்தைக்கு காக்ளியர் இம்பிளான்ட், காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குள்ளதான். "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு வீட்ல பெருசுங்க சொல்லி ஒண்ணாங்கிளாஸ் வரைக்கும் கொண்டு வந்துட்டா, ஸ்கூலுக்கு வர்ற டீம் கண்டுபிடிச்சும் கதவு சாத்தியிருக்கும். மாறுகண்ணும் அப்படித்தான், சின்ன வயசுல விட்டுட்டா பார்வைய மீட்கறது கஷ்டம். சந்தேகம் இருந்தா அங்கன்வாடில இருக்கும்போதே கேளுங்க, விஹெச்என், அதாவது கிராம சுகாதார நர்ஸம்மா கிட்ட சொன்னாலும் அனுப்பி வெப்பாங்க.

ஆபரேஷன்னு வந்துட்டா பெரும்பாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைலதான் நடக்கும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் காப்பீடு. இங்க ஆள மடக்கறது வருமானம் இல்ல, ரேஷன் கார்டு. பிள்ளை பேரு கார்டுல இருக்காது. பொறந்து எட்டு வருஷம் ஆகியிருக்கும், அரிசி எப்படியோ வருதேன்னு சேர்க்காமலே விட்டிருப்பாங்க. இல்லன்னா பிள்ளை பாட்டி வீட்ல இருந்து படிக்கும், பேரு ஊர்ல அப்பா கார்டுல. இல்லன்னா ஆதார்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு, இனிஷியல் வேற. அட்மிஷன் போடற அன்னிக்குத்தான் இது தெரிய வரும், அப்புறம் இ-சேவை, வட்ட வழங்கல் ஆபீஸ், விஏஓ, ஆர்ஐன்னு ஓடணும், பிள்ளை வார்டுல படுத்திருக்கும். பேரு சேக்கறது ஆன்லைன்லயே பண்ணலாம், பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் இருந்தா போதும். வருமானச் சான்றிதழ் இ-சேவைல 60 ரூபா. காப்பீட்டு அட்டைய கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துல எடுக்கணும். பிள்ளை நல்லா இருக்கும்போதே இந்த மூணையும் முடிச்சு வெச்சுடுங்க.

தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, திட்டத்துல இருக்கற ஆஸ்பத்திரியான்னு மட்டும் பாத்தா பத்தாது, அந்த ஆபரேஷனுக்கு அங்க அனுமதி இருக்கான்னும் கேளுங்க. "அட்டைல கொஞ்சம்தான் வரும், மீதிய கையில கட்டுங்க"ன்னு சொன்னா எதுக்குன்னு எழுதித் தரச் சொல்லுங்க, முக்காவாசி பேர் எழுதித் தர மாட்டாங்க. 1800 425 3993 காப்பீட்டுத் திட்டத்தோட இலவச நம்பர், அங்க நின்னுட்டே கூப்பிடுங்க.

கண்ணாடி இலவசம்தான், ஆனா கண்ண டெஸ்ட் பண்ணி பவர் எழுதிட்டு போனதுக்கும் கண்ணாடி வந்து சேர்றதுக்கும் நடுவுல அரைப் பரீட்சையே முடிஞ்சுடலாம். அதுவரைக்கும் முதல் பெஞ்சுல உக்கார வெக்கச் சொல்லி கிளாஸ் டீச்சர் கிட்ட கேளுங்க. வருஷா வருஷம் பவர் மாறும், போன வருஷம்தானே குடுத்தாங்கன்னு விட்டுடாதீங்க.

வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை பத்தி ஒரு பெரிய குழப்பம் இருக்கு. வாரம் ஒண்ணு குடுக்கற அந்த நீல மாத்திரை ரத்தசோகை வராம தடுக்கறதுக்கு. ஏற்கனவே ஹெச்பி (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) 8, 9-ன்னு இருக்கற பிள்ளைக்கு அது பத்தாது, பிஹெச்சில, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல, தினமும் சாப்பிடற கோர்ஸ் வாங்கணும், கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுக்கணும். "ஸ்கூல்ல மாத்திரை குடுக்கறாங்களே"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க, நகராதீங்க. வயிறு காலியா இருக்கும்போது முழுங்கக் கூடாது, கூடவே டீயும் குடிக்கக் கூடாது. மலம் கறுப்பா போகும், அதுக்கு பயந்து நிறைய பிள்ளைங்க மாத்திரைய ஜன்னல் வழியா எறியுது.

தினமும் கவனிப்பு தேவைப்படற பிள்ளைங்க பாடுதான் ரொம்ப மோசம். சின்ன வயசு சர்க்கரைல மத்தியானம் இன்சுலின் போடணும், வலிப்பு இருக்கு, ஆஸ்துமா பம்ப் வேணும், இதுக்கெல்லாம் ஸ்கூல்ல பொறுப்பு யாருன்னு கேட்டா ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. ஹெச்எம்முக்கு ரெண்டு காப்பி லெட்டர் எழுதுங்க, டாக்டர் சீட்டு நகல் சேருங்க, என்ன நோய், எப்ப என்ன குடுக்கணும், மயங்கினா என்ன பண்ணணும், யாருக்கு போன் பண்ணணும்னு தெளிவா எழுதி ஒரு காப்பில கையெழுத்து வாங்குங்க. சர்க்கரை இருக்கற பிள்ளை கிளாஸ் நடுவுல பிஸ்கட் சாப்பிடவும், பாத்ரூம் போகவும், பரீட்சை ஹால்ல குளுக்கோஸ் வெச்சுக்கவும் அதுலயே கேளுங்க. இன்சுலின் அரசு ஆஸ்பத்திரில இலவசம், ஸ்டாக் இல்லன்னு திருப்பி அனுப்பினா 104 சுகாதார உதவி நம்பர்ல புகார் குடுங்க. வலிப்பு வந்தா கையில இரும்புச் சாவிய திணிக்காதீங்கன்னு டீச்சருக்கும் கூடப் படிக்கற பசங்களுக்கும் சொல்லி வெக்கணும், ஒருக்களிச்சு படுக்க வெச்சு, பக்கத்துல இடிக்கற மாதிரி இருக்கறத நகத்தினா போதும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா 108.

மாற்றுத்திறன் இருக்கற பிள்ளைக்கு யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி வெக்கணும், குறைபாடு 40 சதவீதம் இருந்தாத்தான் முக்கால்வாசி சலுகை கெடைக்கும். பத்தாவது, பன்னெண்டாவது பரீட்சைல கூடுதல் நேரம், சொல்றத எழுத ஆள் வேணும்னா ஹெச்எம் வழியா முன்கூட்டியே மனு அனுப்பணும். ஹால் டிக்கெட் வந்ததுக்கப்புறம் கேட்டா "டைம் முடிஞ்சுது"ம்பாங்க, அதுவும் சிரிச்சிட்டே சொல்வாங்க. குறைபாட்ட பாத்து சான்றிதழ் குடுக்கற மெடிக்கல் போர்டு எல்லா நாளும் உக்காராது, என்னிக்குன்னு கேட்டுட்டு கிளம்புங்க.

எதுவுமே நகரலன்னா முதல்ல வட்டார மருத்துவ அலுவலர பாருங்க, ஆர்பிஎஸ்கே டீம் அவருக்கு பதில் சொல்லியாகணும். அங்கயும் நகரலன்னா முதலமைச்சர் உதவி மைய நம்பர் 1100, இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு. மனுவ குடுத்துட்டு சும்மா வராதீங்க, ரசீது நம்பர் வாங்கிட்டு வாங்க, ரெஃபர் சீட்டு போட்டோவையும் எந்தத் தேதில எங்க அலைஞ்சீங்கன்னும் மனுவுலயே சேத்துடுங்க.