வெப்பமானியைப் பார்க்கும் முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள்

ஸ்டீராய்டு எடுக்கும் நோயாளிக்கு வெள்ளையணு 16,000 என்று ரிப்போர்ட் வந்தால், "அது ஸ்டீராய்டாலதான் சார்" என்று ஃபார்ம்.டி (மருந்தாளுநர் பட்டப்படிப்பு) மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் நியூட்ரோஃபில்களை (வெள்ளையணுவில் ஒரு வகை) ஸ்டீராய்டு ஓட்டத்துக்குள் தள்ளிவிடும், எண்ணிக்கை ஏறும். ஆனால் அதே மாத்திரைதான் காய்ச்சலையும் அமுக்கி வைக்கும். இளம் அணுக்களான பேண்ட் செல்கள் கூடியிருக்கின்றன, நியூட்ரோஃபில்களில் டாக்ஸிக் கிரானுலேஷன் (தொற்றின்போது தெரியும் அடர்ந்த துகள்கள்) தெரிகிறது என்று ஸ்மியரில், அதாவது ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த ரிப்போர்ட்டில், எழுதியிருந்தால் ஸ்டீராய்டு மேல் பழி போட்டுவிட்டு நகர முடியாது.

தொற்றைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. ஆனால் அதன் அடையாளங்களை எந்த மருந்து மறைக்கிறது, எது போலியாகக் காட்டுகிறது என்று சொல்ல வார்டில் மருந்தாளுநர்களான நம்மைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் 650 போய்க்கொண்டிருந்தால் டெம்பரேச்சர் சார்ட் நேர்கோடாகத்தான் இருக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் எடுப்பவருக்கு ரத்தத்தில் தொற்று பரவியிருந்தாலும் நாடி 80-லேயே நிற்கலாம். அப்போது மூச்சை எண்ணுங்கள். கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் 20 என்றுதான் இருக்கும். அதை நம்பாமல் ஒரு நிமிடம் கட்டில் பக்கத்தில் நின்று நீங்களே எண்ணுங்கள். 22-ஐத் தொட்டாலோ, நேற்றுவரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று உளறினாலோ, மேல் ரத்த அழுத்தம் 100-க்கு இறங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவதும் நீரிழிவுக்காரர்களுக்கு ஓர் அறிகுறிதான்.

அடுத்தது, ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் சாப்பிட்டவை. "ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "மெடிக்கல்ல செட் மாத்திரை ஏதாச்சும் வாங்குனீங்களாம்மா?" என்று கேளுங்கள். பர்ஸிலிருந்து ஒரு துண்டு ஸ்ட்ரிப் வெளியே வரும், பெயர் இருக்கும் பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதில் இரண்டு வேளை செஃபிக்ஸிம் போயிருந்தால்கூட ரத்த கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம். "வளர்ச்சி இல்லை" என்பதற்குத் தொற்று இல்லை என்று பொருளாகாது. லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் இன்னும் மோசம். காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால் இருமல் கொஞ்ச நாள் தணியும், நோய் தெரியவரத் தாமதமாகும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை கேளுங்கள்.

கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது முதல் டோஸுக்கு முன்; பெரியவர்களுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. நோயாளி ஷாக்கில் இருந்தால் இதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே ஒரு வைடல் ரிப்போர்ட்டை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டுவது நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி வளர்ந்தாலும் எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லையா? தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைஃபஸை (சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) நினைக்காமல் இருக்க முடியாது. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கலாம். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, புடவை கட்டும் இடுப்பு என யாரும் பார்க்காத இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற பீட்டா லாக்டம் மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும்.

கண்காணிப்புக்கு இந்த வேகம் தெரிந்திருக்க வேண்டும். டைஃபாய்டில் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் அடங்க நாலைந்து நாள் ஆகும். இரண்டாம் நாளே இன்னும் வீரியமான மெரோபெனெமுக்கு மாற்றுவது அவசரக்குடுக்கைத்தனம். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான சிஆர்பி உச்சத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு நாள் எடுக்கும், ஆகவே முதல் நாள் எண்ணைவிட மூன்றாம் நாள் எண் முக்கியம். நிமோனியாவில் எக்ஸ்ரே நிழல் மறைய வாரக்கணக்காகும், அதை வைத்து மருந்தை நீட்டிக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை மட்டும் விடாமல் பாருங்கள், வேன்கோமைசினோ ஜென்டாமைசினோ போகும்போது குறிப்பாக.

எல்லாம் சரியாகி, பசியெடுத்துச் சாப்பிடும் நோயாளிக்கு எட்டாம் நாள் மறுபடி 102 டிகிரி வந்தால், முதலில் ஊசி போட்ட கை, கதீட்டர் எல்லாம் பார்த்தாக வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மருந்துப் பட்டியலுக்கு வாருங்கள். வலிப்புக்கான ஃபெனிடோயின், சல்ஃபா, ஏன், நாம் போடும் ஆன்டிபயாடிக்கே காய்ச்சலைக் கொண்டுவரும். எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். சந்தேகப்பட்டதை அவர் நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் போய்விட்டால் அதுதான் காரணம். அலர்ஜி கட்டத்தில் அந்த மருந்தின் பெயரை எழுதிவிடுங்கள்.