கடனட்டை வரம்பு: கடிதத்தில் உள்ளது ஒன்று, கடையில் செல்வது ஒன்று

வங்கி அனுப்பிய கடிதத்தில் உங்கள் கடனட்டைக்கு 2 இலட்சம் ரூபா வரம்பு என்று இருக்கலாம். அதற்காக எந்த நாளிலும் 2 இலட்சத்துக்குப் பொருள் வாங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தொகை, வங்கி உங்களுக்கு அதிகபட்சம் தரச் சம்மதித்த கடன். அதில் இன்று எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்பதைத்தான் கடையிலுள்ள இயந்திரம் பார்க்கிறது.

வரம்பை நிர்ணயிப்பது அட்டை தரும் வங்கி. சம்பளம், ஏற்கெனவே உள்ள கடன்கள், கடந்த காலத்தில் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பது எல்லாம் பார்க்கப்படும். கடைசி விஷயத்துக்கு வங்கி போகும் இடம் கடன் தகவல் பணியகம், நாம் எல்லோரும் 'கிரிப்' என்று சொல்வது. கிரிப்பில் பெயர் 'பிளாக்லிஸ்ட்' ஆகிவிட்டது என்று கல்முனையிலும் காத்தான்குடியிலும் அடிக்கடி கேட்கிறோம். பணியகம் யாரையும் அப்படித் தடைசெய்வதில்லை. உங்கள் கடன் வரலாற்றைத் தருவது மட்டுமே அதன் வேலை, முடிவு வங்கியுடையது. உங்களுடைய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம்.

சம்பளச் சீட்டு இல்லாத வேளாண்மைக்காரர்களும் படகு வைத்திருப்பவர்களும் வேறு வழியாகப் போகலாம். வங்கியில் நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்தால், அந்த வைப்பின் ஒரு பகுதி அளவுக்கு வரம்புடன் அட்டை தரும் வங்கிகள் உண்டு.

சரி, மிச்சம் எப்படிக் கரைகிறது? உங்கள் வரம்பு 2 இலட்சம் என்று வைப்போம். 1,20,000 ரூபாவுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியை 12 மாதத் தவணையில் எடுக்கிறீர்கள். மாதம் 10,000 தானே என்று தோன்றும். ஆனால் முழு 1,20,000 ரூபாவும் முதல் நாளே வரம்பிலிருந்து கழிந்துவிடும், மிச்சம் 80,000. ஒவ்வொரு தவணையைக் கட்டும்போதுதான் 10,000 திரும்பி வரும்.

அந்த மாதமே குடும்பத்தோடு பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தங்குகிறீர்கள். உள்ளே போகும்போது ஹோட்டல்காரர் அட்டையில் 30,000 ரூபாவை ஒதுக்கிவைக்கிறார். பணம் போகவில்லை, ஆனால் அதை நீங்கள் தொடவும் முடியாது. மிச்சம் 50,000. வெளியேறும்போது பில் 22,000 தான். அது தனியாக ஏறி, முன்பு ஒதுக்கிய 30,000 விடுபடச் சில நாட்கள் ஆனால், அந்த நாட்களில் உங்களுக்கு உள்ளது 28,000 மட்டுமே. வங்கிக்குப் போன் செய்து திட்டுவதில் பயனில்லை, ஒதுக்கத்தை விடுவிக்கும்படி ஹோட்டலிடம் கேட்பதுதான் விரைவு. முடிந்தால் ஒதுக்கிவைத்த அட்டையிலேயே பில்லையும் தீர்த்துவிடுங்கள்.

கட்டிய பணம் வரம்புக்குத் திரும்புவதிலும் தாமதம் உண்டு. காசோலை என்றால் அது மாறும் வரை காத்திருக்க வேண்டும். வேறு வங்கியிலிருந்து அனுப்பினால், சனி, ஞாயிறு, போயா சேர்ந்து வரும் வாரத்தில் இன்னும் இழுபடலாம்.

ஏ.டி.எம்மில் கடனட்டையால் காசு எடுப்பதற்கு மொத்த வரம்புக்குள்ளேயே சிறிய தனி வரம்பு உண்டு. பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் இதற்குக் கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் சேரும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் இதைத் தொட வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் கணக்கிலேயே குடும்பத்தவருக்கு எடுத்துக் கொடுக்கும் துணை அட்டைக்கு வேறு வரம்பு இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அம்மா ஆசிரியை, மகன் பேராதனையில் படிக்கிறான், அவனிடம் துணை அட்டை. இருவரும் செலவழிப்பது ஒரே வரம்பிலிருந்து, கட்ட வேண்டியவர் அம்மா. மகனின் அட்டைக்கு மட்டும் மாதச் செலவைக் கட்டுப்படுத்தச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம்.

சிகிச்சைக்குச் சென்னைக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள் புறப்பட முன்னரே வங்கியுடன் பேசித் தற்காலிகமாக வரம்பைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டிய பகுதியை எப்போது கட்டி முடிக்க வேண்டும் என்பதை மறக்காமல் கேளுங்கள். வெளிநாட்டில் செலவழிக்கும்போது நாணயமாற்றுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்ந்து அதே வரம்பைத் தின்னும். கிரிப்டோ நாணயம் வாங்க இலங்கையிலுள்ள எந்த வங்கியின் அட்டையையும் பயன்படுத்த முடியாது. மத்திய வங்கி 2021 முதல் அதற்கு அனுமதி கொடுப்பதில்லை.

'சார்ஜ் கார்ட்' வேறு வகை. 1950இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியது இந்த முறையைத்தான். முன்கூட்டியே எழுதிய வரம்பு இல்லை, மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். வரம்பில்லை என்றவுடன் எவ்வளவும் வாங்கலாம் என்று கொள்ளக்கூடாது. உங்கள் வழக்கமான செலவையும் கட்டிய விதத்தையும் பார்த்து ஒவ்வொரு கொள்வனவும் தனித்தனியாக அனுமதிக்கப்படும். மாதம் 40,000 செலவழிப்பவர் திடீரென 6 இலட்சத்துக்கு அட்டையை நீட்டினால் மறுக்கப்படலாம். எண் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்றாலே சார்ஜ் கார்ட் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அட்டைகளை வெளியிடுவது நேஷன்ஸ் டிரஸ்ட் வங்கி, அவற்றிலும் வரம்புள்ள சாதாரண கடனட்டைகள் உண்டு.

ஒன்றுமே வாங்காமலும் வரம்பைத் தாண்டலாம். விளிம்பு வரை செலவழித்திருந்தால், வட்டியும் ஆண்டுக் கட்டணமும் ஏறும்போது கணக்கு மேலே போய்விடும். அதற்கு மேல் வரம்பு மீறல் கட்டணம் வேறு. கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் ஆண்டுக்கு 28 வீதம் என்று உச்சம் வைத்தது. அந்த வீதத்தில் 1 இலட்சம் நிலுவைக்கு மாதம் ஏறக்குறைய 2,300 ரூபா வட்டி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், வரம்பு திறப்பது ஆமை வேகத்தில்தான்.

வங்கி தானாக வரம்பைக் கூட்டினாலும் உங்களுக்கு வேண்டாம் என்றால் குறைக்கச் சொல்லலாம். அதையும், தவறாகப் போட்ட கட்டணம் பற்றிய முறைப்பாட்டையும், எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகும் வழியும் இருக்கிறது. வங்கி தந்த பதிலை அப்போது காட்ட வேண்டி வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.